டுபோனை முதலில் எடுக்கலாமா? சிக்ஸ் நேஷன்ஸ் டிராஃப்ட் லீக் கேள்வி பதில்

சிக்ஸ் நேஷன்ஸ் என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி ஆறும் ஆண்டுதோறும் மோதும் ரக்பிப் போட்டி. நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து அதற்கு டிராஃப்ட் முறையில் ஃபேண்டசி லீக் (நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் செய்வதற்குப் புள்ளி எண்ணும் விளையாட்டு) நடத்துபவர்கள் கேட்டவை இவை. ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: புள்ளி தரும் முறை தளத்துக்குத் தளம் மாறும். எதற்கு எத்தனை புள்ளி என்ற பக்கத்தைப் படிக்காமல் டிராஃப்டில் உட்காராதீர்கள்.

கேள்வி: டிரீம் லெவன் கிரிக்கெட் ஆடிப் பழக்கம் உண்டு. டிராஃப்ட் என்பது அதிலிருந்து எப்படி வேறு, அண்ணா?

அங்கே ஒரே ஆட்டக்காரரை லட்சம் பேர் தங்கள் அணியில் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒருவர் எடுத்துவிட்டால் அவர் மற்ற யாருக்கும் கிடையாது. ஏலமும் இல்லை, முறை வைத்து எடுப்பதுதான். பெரும்பாலும் பாம்பு வரிசை: முதல் சுற்றில் ஒன்று முதல் ஆறு வரை போகும், இரண்டாம் சுற்றில் ஆறிலிருந்து ஒன்றுக்குத் திரும்பி வரும்.

அதனால் 'யார் நல்ல ஆட்டக்காரர்' என்று மட்டும் பார்த்தால் போதாது. 'இவரை இப்போது விட்டால், அடுத்து என் முறை வரும்போது அதே இடத்துக்கு யார் மிச்சம் இருப்பார்?' என்றும் பார்க்க வேண்டும். மிச்சம் இருப்பவர் கிட்டத்தட்ட இவரைப் போலவே புள்ளி எடுப்பார் என்றால் அவசரமே இல்லை. இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் டிராஃப்டில் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: நாங்கள் ஆறு பேர். ஆளுக்கு 15 பேர் கொண்ட முழு அணி, கூடவே நாலு மாற்று ஆட்கள். சரியாக வருமா?

வராது. ஆறு நாடுகள், நாட்டுக்கு 15 பேர், ஆக ஒரு வாரத்தில் களத்தில் இறங்கித் தொடங்குபவர்கள் மொத்தம் 90 பேர்தான். ஆறு பேர் 15 வீதம் எடுத்தால் அந்த 90 பேரும் தீர்ந்துவிடுவார்கள். ஒருவருக்குக் காயம் பட்டால் வெளியிலிருந்து எடுக்க ஆளே இருக்காது. அப்புறம் மூன்றாவது வாரத்தில் பாதிப் பேர் குழுவையே எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பத்துப் பேர் அணியாகக் குறைத்துவிடுங்கள். முன்வரிசையில் ப்ராப் ஒருவர், ஹுக்கர் ஒருவர், இரண்டாம் வரிசையில் லாக் ஒருவர், பின்வரிசையில் (ஃப்ளாங்கர் போன்றவர்கள்) இருவர்: தள்ளுமுள்ளுக்கான இவர்கள்தான் ஃபார்வர்டுகள். பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப், ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை-ஹாஃப், நடுவில் சென்டர், ஓரத்தில் விங், கடைசியில் ஃபுல்-பேக் என்று பேக்குகள் இடத்துக்கு ஒருவர். 60 பேர் போக 30 பேர் வெளியே இருப்பார்கள், விளையாட்டு உயிரோடு இருக்கும். நாலு பேர் மட்டும் ஆடுவதென்றால் 15 பேர் அணியே வைத்துக்கொள்ளலாம்.

ஆறு பேர் இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. போட்டி ஐந்து சுற்று. வாரம் ஒருவரோடு நேருக்கு நேர் என்று வைத்தால் ஒவ்வொருவரும் மற்ற ஐவரையும் சரியாக ஒரு முறை சந்திப்பார்கள், நிஜப் போட்டி நடப்பதைப் போலவே.

கேள்வி: முதல் தேர்வு எனக்கு விழுந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு டுபோனை எடுக்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு எடுங்கள். பிரான்ஸின் அந்த்வான் டுபோனுக்கும் அடுத்த நல்ல ஸ்க்ரம்-ஹாஃபுக்கும் உள்ள இடைவெளி பெரியது. பல ஸ்க்ரம்-ஹாஃப்கள் பந்தை எடுத்துக் கொடுப்பதோடு சரி. இவர் தானே ஓடுவார், ட்ரை (பந்தை எதிரணி எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது, ஐந்து புள்ளி) போடுவார், ட்ரைக்குக் கடைசி பாஸும் கொடுப்பார். நான் மேலே சொன்ன இடைவெளிக் கணக்குக்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் 2024 சிக்ஸ் நேஷன்ஸில் அவர் ஆடவே இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்காக, ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பி பக்கம் போயிருந்தார். 2025-இல் நாலாவது சுற்றில் டப்ளினில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். அதே 2024-இல் வேல்ஸின் லூயிஸ் ரீஸ்-ஸாமிட் இன்னும் பெரிய அதிர்ச்சி கொடுத்தார். வேல்ஸ் அணி அறிவிப்பு வந்த அன்றே, அமெரிக்கக் கால்பந்து ஆடப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். அதற்கு முன்னாலேயே டிராஃப்ட் நடத்தியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

நாடுகள் தங்கள் அணிப் பட்டியலை வெளியிட்ட பிறகே டிராஃப்ட் வையுங்கள். முதல் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் என்றால் இன்னும் நல்லது.

கேள்வி: நான் ஆறாவது ஆள். கடைசி இடம் என்று எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள்.

செய்யட்டும். உங்களுக்கு 6, 7 இரண்டும் அடுத்தடுத்து வரும். பிறகு 18, 19. நடுவில் பத்துப் பேர் போய்விடுவார்கள், அதுதான் சிக்கல். எனவே எப்போதும் ஜோடியாக யோசியுங்கள். ஒரு இடத்தில் நல்லவர்கள் இரண்டே பேர்தான் மிச்சம் என்றால், அடுத்த முறை வரை அவர்கள் தாங்க மாட்டார்கள். அந்த இடத்தை இப்போதே நிரப்புங்கள்.

உங்களுக்கு முன்னால் ஐந்தாவதாக உட்கார்ந்திருப்பவர் புத்திசாலியாக இருந்தால் உங்கள் அணியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு வரும் 17, 20 என்ற இரண்டு முறைகளுக்கும் நடுவில் எடுக்கப் போவது நீங்கள் ஒருவர்தானே. உங்களிடம் ஏற்கெனவே ஃப்ளை-ஹாஃப் இருப்பது தெரிந்தால் அவர் நிதானமாக வேறு ஒருவரை எடுத்துவிட்டு, திரும்பி வரும்போது ஃப்ளை-ஹாஃபை எடுப்பார். ஐந்தாவது ஆளும் இரண்டாவது ஆளும் இந்த உத்தியை டிராஃப்ட் முழுக்கப் பயன்படுத்தலாம். வரிசையின் ஓரத்தில் இருப்பவரை வேவு பார்த்தால் போதும்.

கேள்வி: கோல் உதைப்பவரை எவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும்?

சீக்கிரம். பெனால்டிக்கு (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் உதை) மூன்று, கன்வெர்ஷனுக்கு (ட்ரைக்குப் பின் வரும் உதை) இரண்டு என்று நிஜ ஆட்டத்தில் வரும் புள்ளிகள் பெரும்பாலான தளங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் அவர் கணக்கில் ஏறும். நாட்டுக்கு ஒருவர் என்று ஆறே பேர். ட்ரை வாராவாரம் வராது, உதை வரும்.

ஆனால் ஃப்ளை-ஹாஃப் என்றாலே உதைப்பவர் என்று எண்ணிவிடாதீர்கள். பிரான்ஸுக்கு உதைப்பது தொமா ராமோஸ், அவர் பெரும்பாலும் ஃபுல்-பேக்காக ஆடுபவர். அவர் 15-ஆம் எண் சட்டையோடு உதைக்கும் வாரத்தில் பிரான்ஸ் ஃப்ளை-ஹாஃபுக்கு உதைப் புள்ளி கிடையாது. ராமோஸை வைத்திருப்பவருக்கோ ஃபுல்-பேக் இடத்திலிருந்து ஃப்ளை-ஹாஃப் அளவுக்கு வருமானம், அதோடு ஃப்ளை-ஹாஃப் இடத்தில் இன்னொரு நாட்டு உதைப்பவரையும் வைத்துக்கொள்ளலாம். என் கணக்கில் ராமோஸ் முதல் சுற்று ஆள். பலர் மூன்றாம் சுற்று வரை விட்டுவைப்பது ஏன் என்று புரியவில்லை.

தவறிய உதைக்குப் புள்ளி கழிக்கும் தளமா என்றும் பாருங்கள். 2025-இல் ட்விக்கன்ஹாமில் ஸ்காட்லாந்து மூன்று ட்ரை போட்டது, ஃபின் ரஸல் மூன்று கன்வெர்ஷனையும் தவறவிட்டார், 16-15 என்று இங்கிலாந்து வென்றது. பெனால்டி ட்ரை (எதிரணி தவறு செய்து ட்ரையைத் தடுத்தால் நடுவர் தருவது) வந்தாலும் உதைப்பவருக்கு லாபமில்லை. ஏழு புள்ளியும் நேராக அணிக்குப் போய்விடும், கன்வெர்ஷனே கிடையாது.

கேள்வி: முன்வரிசைத் தடியர்களை யாராவது கவனிப்பார்களா?

ஹுக்கரைக் கவனிக்காமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். எதிரணி எல்லைக்கு ஐந்து மீட்டரில் லைன்-அவுட் (பந்தைப் பக்கக் கோட்டிலிருந்து உள்ளே எறிவது), அங்கிருந்து பந்து வைத்திருப்பவரைச் சுற்றி எல்லோரும் கூட்டமாகச் சேர்ந்து மால் தள்ளுகிறார்கள். பந்தோடு கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் ஹுக்கர்தான். அயர்லாந்தின் டான் ஷீஹன் 2025 கடைசிச் சுற்றில் ரோமில் இத்தாலிக்கு எதிராக மூன்று ட்ரை போட்டார். அயர்லாந்து 22-17 என்று வென்ற ஆட்டம் அது. அதாவது அணியின் 22 புள்ளியில் 15 ஒரு ஹுக்கருடையது. நல்ல மால் உள்ள அணியின் ஹுக்கரை விங் ஆட்டக்காரரைப் போலவே மதிப்பிடுங்கள்.

ப்ராப்களைக் கடைசிச் சுற்றுக்கு விடுங்கள். தொடங்குபவர்கள் பன்னிரண்டு பேர், அவர்களுக்குள் புள்ளி வித்தியாசம் மிகக் குறைவு. இரண்டாம் பாதியில் பத்து, இருபது நிமிடத்தில் பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். ஸ்க்ரமில் (இரு அணி ஃபார்வர்டுகளும் கோர்த்துக்கொண்டு தள்ளுவது) பெனால்டி கொடுத்தால் புள்ளி கழிக்கும் தளங்களில் தலைவலி வேறு.

கேள்வி: வேல்ஸ் தோற்றுக்கொண்டே இருக்கிறதே, அந்த ஆட்டக்காரர்களைத் தொடவே வேண்டாமா?

2024-இலும் 2025-இலும் வேல்ஸ் ஐந்து ஆட்டத்திலும் தோற்றது உண்மைதான். ஆனால் தோற்கிற அணி என்ன செய்துகொண்டிருக்கும்? எதிராளியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். டேக்கிளுக்குப் புள்ளி தரும் தளத்தில் ஜாக் மார்கன் போன்ற ஃப்ளாங்கர் தோல்வியிலும் அள்ளிக் குவிப்பார். பந்தைப் பறிக்கும் ஆளாகவும் இருந்தால் இன்னும் நல்லது. அதே அணியின் விங் ஆட்டக்காரருக்குத்தான் பந்தே வராது.

விங்கும் சென்டரும் வெல்லும் அணியிலிருந்து, ஃப்ளாங்கர் எங்கிருந்தும். 2025-இல் பிரான்ஸ் விங் லூயி பியெல்-பியாரே எட்டு ட்ரை போட்டுப் பழைய சாதனையைச் சமன் செய்தார், ஐந்து சுற்றிலும் ட்ரை. இங்கிலாந்தின் டாமி ஃப்ரீமனும் அதே ஆண்டு எல்லாச் சுற்றிலும் ட்ரை போட்டார். அவர் விங்கிலும் சென்டரிலும் ஆடுபவர். தளம் அவரை இரண்டு இடத்துக்கும் அனுமதித்தால் காயம் வரும் வாரத்தில் கைகொடுப்பார்.

கேள்வி: மாற்று ஆட்களில் ஏழு ஃபார்வர்டு, ஒரே ஒரு பேக் என்று வைக்கிறார்களே. அது நமக்கு முக்கியமா?

ரொம்ப. அப்படிப்பட்ட வாரத்தில் அந்த அணியின் ஃபார்வர்டுகளை நம்பாதீர்கள், கூட்டமாக மாற்றிவிடுவார்கள். பேக்குகள் கிட்டத்தட்ட 80 நிமிடமும் நிற்பார்கள், மாற்ற ஆளில்லையே. 2025-இல் பிரான்ஸ் இப்படித்தான் டப்ளினுக்குப் போனது. டுபோனும் சென்டர் பராஸியும் காயத்தோடு வெளியேற, ஓஸ்கார் ஜெகூ என்ற ஃப்ளாங்கர் சென்டர் இடத்தில் நின்று ஆடினார். பிரான்ஸ் வென்றும் விட்டது.

கேள்வி: வாராவாரம் எப்போது பார்த்தால் போதும்?

ஆடும் 23 பேரின் பட்டியல் பொதுவாக ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் வரும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வியாழன். அன்று பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் ஆள் தொடங்குகிறாரா, பெஞ்சில் இருக்கிறாரா, தடையில் இருக்கிறாரா என்று மூன்றையும் பாருங்கள். 2025 முதல் ஆட்டத்திலேயே பிரான்ஸ் ஃப்ளை-ஹாஃப் ரொமெய்ன் என்டமாக் சிவப்பு அட்டை வாங்கித் தடைக்குப் போனார். வெள்ளி இரவு ஆட்டம் இருக்கும் வாரத்தில், அணியை மாற்ற முடியாதபடி தளம் பூட்டும் நேரம் முன்னதாகவே வந்துவிடும், கவனம்.

கேள்வி: நண்பர் இரண்டு பேரைத் தருகிறேன், ஒருவரைக் கொடு என்கிறார். லாபம்தானே?

பெரும்பாலும் அவருக்கு. உங்கள் அணியில் இறங்குவது பத்துப் பேர்தான். இரண்டு சுமாரான ஆட்களை வாங்கினால் ஒருவருக்காக ஏற்கெனவே இருக்கும் இன்னொருவரை உட்கார வைக்க வேண்டும். உங்களுக்கு உண்மையிலேயே ஓட்டை விழுந்த இடத்துக்கு ஆள் வருகிறார் என்றால் மட்டும் யோசியுங்கள். அவர் ஏன் கேட்கிறார் என்றும் பாருங்கள். வியாழக்கிழமைப் பட்டியலை உங்களுக்கு முன்னால் படித்திருக்கலாம்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருத்தி அயர்லாந்து ஆட்களை மட்டுமே எடுப்பாள்.

அருமை, கெடுக்காதீர்கள். அவளுக்கு முன்னால் உங்கள் முறை வந்தால்கூட அயர்லாந்துக்காரரை விட்டுவிட்டு வேறு நாட்டு உதைப்பவரை எடுங்கள். ஷீஹனை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டு ஆட்டம் தோற்றதும் சிலர் அணியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். என்ன செய்வது?

கடைசி இடத்துக்கு ஒரு செலவு வையுங்கள். இறுதிச் சுற்று முடிந்த மறுநாள் எல்லோருக்கும் சாப்பாடு அவர் கணக்கில் என்றால் ஐந்தாவது வாரம் வரை பட்டியலைப் புரட்டுவார். வெளியே மிச்சமிருக்கும் ஆட்டக்காரர்களை எடுக்கும் முன்னுரிமையையும் அட்டவணையில் கீழே இருப்பவருக்கே முதலில் கொடுங்கள், பல தளங்களில் இது அமைப்பிலேயே இருக்கிறது. இரண்டையும் டிராஃப்டுக்கு முன்னால் எழுதிப் போட்டுவிடுங்கள். நடுவில் விதி மாற்றினால் சண்டைதான் வரும்.