ஜார்ஜ் வாஷிங்டன், ஹாலிவுட் நடிகர் டென்சல் வாஷிங்டன், கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தர்: இந்தப் பெயரின் பூர்வீகம் எது? இவர்களுக்குள் உறவு ஏதும் உண்டா?

சுந்தரை முதலில் முடித்துவிடுவோம். அவர் பெயரில் இருப்பது குடும்பப் பெயரே அல்ல. அவருடைய அப்பா வசதியில்லாத வீட்டில் வளர்ந்தவர். பக்கத்தில் வசித்த வாஷிங்டன் என்ற முன்னாள் ராணுவ வீரர் அவருக்குச் சீருடை, புத்தகம், பள்ளிக் கட்டணம் என்று உதவி, கிரிக்கெட்டிலும் தட்டிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பெரியவர் 1999இல் காலமானார். அதே ஆண்டு பிறந்த மகனுக்கு அவர் பெயரை வைத்துவிட்டார் அப்பா. ரத்த சம்பந்தம் துளியும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெயர் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது.

பூர்வீகம் அமெரிக்கா இல்லை, வடகிழக்கு இங்கிலாந்து. டரம் பகுதியில், இன்றைய சண்டர்லாண்டு நகரை ஒட்டி வாஷிங்டன் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஆங்கிலோ சாக்சன் காலத்தில் ஹ்வாசா என்ற ஒருவனின் ஆட்கள் குடியிருந்த இடம் என்பது ஊர்ப்பெயரின் விளக்கம். 12ஆம் நூற்றாண்டில் அந்த ஊருக்கு வந்தவர் வில்லியம் டி ஹெர்ட்பர்ன். ‘டி’ என்றால் இன்ன ஊர்க்காரர் என்று பொருள். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஊரைப் போடுவது மாதிரி. அவர் தன் ஹெர்ட்பர்ன் நிலத்தை டரம் பிஷப்பிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வாஷிங்டனை வாங்கிக்கொண்டார். 1183இல் பிஷப்பின் நிலங்களைக் கணக்கெடுத்த போல்டன் புத்தகத்தில் இந்தப் பரிமாற்றம் பதிவாகியிருக்கிறது. நான்கு பவுண்டு குத்தகை, அது போக பிஷப்பின் பெரிய வேட்டைக்கு நான்கு வேட்டை நாய்களோடு போக வேண்டும் என்பது நிபந்தனை. நிலம் மாறியதும் பெயரும் ‘டி வெசிங்டன்’ என்று மாறிவிட்டது. பிஷப் வேறொரு கிராமத்தைக் கொடுத்திருந்தால் அமெரிக்கத் தலைநகருக்கு இன்று வேறு பெயர்!

அப்பா பெயரே பிள்ளைக்கும் தொடர்வது இங்கிலாந்தில் அப்போதுதான் மெல்லப் பழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. அடுத்த சில தலைமுறைகளில் ‘டி’ உதிர்ந்தது, ஊர்ப்பெயர் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. குடும்பத்தின் ஒரு கிளை மேற்கே லங்காஷயரின் வார்ட்டன் கிராமத்துக்குப் போயிற்று. அங்கிருந்து லாரன்ஸ் என்பவர் தெற்கே நார்த்தாம்ப்டனுக்கு வந்து, கம்பளி வியாபாரத்தில் சம்பாதித்து, அந்த நகரத்துக்கு மேயராகவும் ஆனார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, 1539இல் சல்கிரேவ் நிலத்தை 324 பவுண்டு சொச்சத்துக்கு வாங்கினார்.

சரி, கடல் தாண்டியது எப்படி? சல்கிரேவ் லாரன்ஸின் கொள்ளுப்பேரனுக்கும் லாரன்ஸ் என்றுதான் பெயர். எசெக்ஸில் பர்லே என்ற ஊரின் பாதிரியார். அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது அரசர் பக்கம் சாய்ந்தவர் என்று, நாடாளுமன்றத் தரப்பிலிருந்த பியூரிட்டன்கள் என்ற தீவிர புராட்டஸ்டண்டுகள் 1643இல் அவரைப் பதவியிலிருந்து துரத்தினார்கள். வெளியே சொன்ன காரணம், எப்போதும் சாராயக் கடையில் கிடக்கிறார் என்பது. அரசியல் பகை இருந்தால் இப்படி ஒரு குற்றச்சாட்டு கிடைப்பதா கஷ்டம்? எப்படியோ, குடும்பம் நொடித்தது. மகன் ஜான் புகையிலை ஏற்றும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து வர்ஜீனியா போனார். 1657இல் அந்தக் கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டியது. ஜான் அங்கேயே தங்கி, நிலபுலன் உள்ள போப் குடும்பத்துப் பெண்ணை மணந்து, மாமனார் கொடுத்த 700 ஏக்கரோடு தோட்ட முதலாளி ஆனார். 1732இல் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் இவருடைய கொள்ளுப்பேரன்.

ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது. உடன்பிறந்தவர்களின் வழியில் வாரிசுகள் உண்டு என்றாலும், பெயர் உண்மையில் பெருகியது வேறு வழியில்.

ஹாரி வாஷிங்டன் என்று ஒருவர். காம்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, 1763இல் ஜார்ஜ் வாஷிங்டனால் வாங்கப்பட்டவர். ஒருமுறை தப்பியோடிப் பிடிபட்டார். 1776இல், எஜமான் சுதந்திரப் போருக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும்போதே, மறுபடி ஓடி பிரிட்டிஷ் படையில் சேர்ந்துவிட்டார்! போர் முடிந்து 1783இல் பிரிட்டிஷார் நியூயார்க்கைக் காலிசெய்தபோது அவர்களோடு கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினார். கொடுத்த நிலமும் வாக்கும் சரியில்லாததால் 1792இல் சுமார் 1,200 கறுப்பின மக்கள் அங்கிருந்து சியரா லியோனுக்குப் புறப்பட்டபோது ஹாரியும் போனார். அங்கும் நிலவரி கேட்டு நெருக்கிய, அந்தக் குடியேற்றத்தை நடத்திய பிரிட்டிஷ் கம்பெனியின் நிர்வாகத்தை எதிர்த்து 1800இல் கிளர்ச்சி வெடித்தது. அதில் பங்கெடுத்ததற்காக நாடு கடத்தப்பட்டார். டரம் கிராமத்துப் பெயர் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தது இப்படி. என்னைக் கேட்டால் இந்தப் பெயரைச் சுமந்தவர்களில் படிக்க வேண்டிய வாழ்க்கை இவருடையதுதான்.

1865இல் அடிமைமுறை ஒழிந்தபின் லட்சக்கணக்கானோர் குடும்பப் பெயரை வெளிப்படையாகப் பதிந்துகொண்டார்கள். எல்லோரும் எஜமானின் பெயரைத்தான் எடுத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. பிடித்த பெயரை எடுத்தவர்களும் நிறைய. கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் இதற்கு நல்ல உதாரணம். பள்ளியில் முதன்முதலாகப் பெயர் கூப்பிட்டபோது மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்து, தன் முறை வந்ததும் “புக்கர் வாஷிங்டன்” என்று சொல்லிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இந்தக் குடும்பப் பெயர் கொண்டவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் 90 சதவீதம் பேர் கறுப்பினத்தவர்.

இப்போது டென்சல். அவர் பிறந்தது நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் வெர்னன் நகரில். ஜார்ஜின் பண்ணையின் பெயரையே அந்த நகருக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊர்ப்பெயரையும் குடும்பப் பெயரையும் வைத்து ஜார்ஜோடு உறவு சொல்ல முடியாது. அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்களின் வேரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் 1870இல் முட்டி நின்றுவிடுகிறார்கள். விடுதலையான மக்களைப் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கெடுப்பு அதுதான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன்கீழ் வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று மட்டும் வரிவரியாக இருக்கும். அதைத் தாண்ட வேண்டுமானால் முதலாளிகளின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும்தான் புரட்ட வேண்டும். ஆடுமாடுகளுக்கும் கலப்பைகளுக்கும் நடுவில் ‘ஹாரி’, ‘சாலி’ என்று ஒற்றைப் பெயரும் ஒரு விலையும் கிடைக்கும்.