நீர்வண்ணப் புள்ளிமான்: உங்கள் கேள்விக்கு

வணக்கம். நீலகிரியின் காட்டோர ஊரான மசினகுடியில் வளர்ந்தும், நீங்கள் வரையும் புள்ளிமான்கள் ஒளிப்படத்தின் நகலாகவே நிற்கின்றன என்றும், புள்ளிகளை இறுதியில் வெள்ளை வண்ணத்தால் வைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். புள்ளிகளை முதலிலேயே, வண்ணம் படாதபடி காகிதத்தை மூடிக் காத்துப் பின் உரித்தெடுக்கக்கூடிய மாஸ்கிங் திரவத்தால் காத்து, பழுப்பு வண்ணம் காய்ந்து திரவத்தை உரித்தபின், விளிம்புகளை ஈரத் தூரிகையால் மெல்லக் கரைத்துவிடுங்கள். முதுகின் கருங்கோட்டை ஒட்டி வரிசையாக ஓடும் புள்ளிகள், விலாவின் கீழே ஏறக்குறைய ஒரே கோடாக இணைவதையும் கவனியுங்கள்.

ஆனால் உயிர் வேறிடத்திலிருந்து வரவேண்டும். சாம்பல் மந்திகள் உதிர்க்கும் இலைகளுக்காக மரத்தடியில் மான்கள் கூடுவதையும், மந்தி எச்சரிக்கைக் குரல் எழுப்பியதும் அவை ஒருசேரத் தலைநிமிர்வதையும் சிறுவயதில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணத்தை, ஒளிப்படம் எதையும் பாராமல், பென்சிலால் சிறிதாக நான்கைந்து முறை வரைந்து பாருங்கள். கால் மூட்டுகளைச் சரிபார்க்க மட்டும் பிறகு ஒளிப்படத்தை எடுங்கள்.