தொலைபேசி இணைப்பகங்கள் அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியபோது உண்மையில் மாறியது என்ன?

இணைப்பகம் செய்யும் சுவிட்சிங் என்பது அழைப்பவரின் இணைப்பை அழைக்கப்படுபவரின் இணைப்போடு சேர்த்துவைக்கும் வேலை. பழைய ஸ்ட்ரௌஜர் வகை இணைப்பகத்தில், டயல் சுழலும்போது எழும் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஓர் உலோகக் கை ஒரு படி நகர்ந்து, ராயபுரத்தில் இருப்பவருக்கும் பெரம்பூரில் இருப்பவருக்கும் இடையே, பேச்சு முடியும்வரை அவ்விருவருக்கு மட்டுமேயான ஒரு மின்பாதையை அமைத்தது. அதில் குரல் அனலாக்காக, அதாவது ஒலியின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பின்பற்றும் மின்னலையாகச் சென்றது. உலோகம் தேயும், தூசி படியும். கரகரப்பும் தவறான எண்ணும் அதனால்தான் வந்தன.

டிஜிட்டல் இணைப்பகம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக, அதாவது 0, 1 என்ற எட்டு இலக்கங்களாக, எழுதுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் பல நிறுவனங்களின் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குச் செல்வதைப் போல, இந்தியாவில் பயன்பட்ட முறையில் ஒரே தடத்தில் 30 உரையாடல்களின் எண்கள் முறைவைத்துச் செல்கின்றன; ஆனால் இங்கே வரிசை குலைவதில்லை, எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதைக் கொண்டே அது யாருடைய குரல் என்பதை இணைப்பகம் அறிகிறது. எனவே சுவிட்சிங் என்பது உலோகக் கையை நகர்த்துவதாக இல்லாமல், வரிசையில் இடத்தை மாற்றி எழுதும் நினைவகத்தின் வேலையாகிவிட்டது. என் பார்வையில் இதுவே மாற்றத்தின் உயிர்நாடி. தெளிவான ஒலி அதன் துணைப்பயன்தான்.

1984-இல் தொடங்கப்பட்ட இந்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட், நம் வெப்பத்தையும் தூசியையும் கருத்தில் கொண்டு, குளிர்சாதனம் இன்றியே இயங்கும் சிறிய கிராமப்புற இணைப்பகத்தை உருவாக்கியது.

இணைப்பகம் டிஜிட்டலானதும் வீட்டுக்கு வரும் கம்பியும் டிஜிட்டலாகிவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் தண்டையார்பேட்டை வீட்டின் செம்புக் கம்பியில் குரல் பழையபடி அனலாக்காகவே சென்று, இணைப்பகத்தின் வாசலில்தான் எண்ணாக மாறியது.