கடவுளுக்கு மகனா? தோழி கேட்டால் என்ன சொல்வது

கேள்வி: ஆலந்தூரில் வசிக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத் தோழி, "கடவுளுக்கு மகன் இருந்தால் மனைவியும் உண்டா?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வேதாகமத்தைக் கொண்டு எப்படி விளக்குவது?

பதில்: சகோதரி, முதலில் நேராகவே சொல்லிவிடுங்கள்: இல்லை. பரிசுத்த ஆவியின் வல்லமையால் மரியாள் கருத்தரிப்பாள் என்றுதான் தூதன் சொல்கிறான் (லூக்கா 1:35). தாம்பத்தியம் என்ற பேச்சே அங்கே கிடையாது. பெத்லகேமில் பிறந்த பிறகுதான் அவர் குமாரனானார் என்பதும் இல்லை. உலகம் உண்டாவதற்கு முன்பே பிதாவிடம் தமக்கு மகிமை இருந்ததாக இயேசுவே ஜெபிக்கிறார் (யோவான் 17:5).

தேவன் தம் ஒரே குமாரனைத் தந்தார் என்று சொல்லும் யோவான் 3:16-ஐ மட்டும் சொல்லிவிட்டு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். அது போதாது. இஸ்ரவேல் ஜனத்தையே கர்த்தர் "என் குமாரன்" என்கிறார் (யாத்திராகமம் 4:22). தாவீதின் வம்சத்து ராஜாவையும் அப்படியே அழைக்கிறார் (2 சாமுவேல் 7:14). அப்படியானால் இயேசுவுக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்று தோழி கேட்பார், கேட்கவும் வேண்டும்.

அதற்கு யோவான் 5-ஐத் திறந்து வையுங்கள். பெதஸ்தா குளத்தருகே 38 வருஷமாக வியாதியாய்க் கிடந்தவனை இயேசு ஓய்வுநாளில் குணமாக்குகிறார். ஏன் இன்றைக்குச் செய்தீர் என்று யூதத் தலைவர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். "என் பிதா இதுவரைக்கும் கிரியைசெய்துவருகிறார், நானும் கிரியைசெய்துவருகிறேன்" என்கிறார். அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது: இவர் தம்மைத் தேவனுக்குச் சமமாக்குகிறார். கொலை செய்யவே தேடினார்கள். சமம் என்பதை இயேசு மறுக்கவில்லை, விரித்துச் சொல்கிறார். அப்பாவின் கையைப் பார்த்தே தொழில் பழகும் தச்சன் மகனைப்போல, பிதா செய்யக் காண்பதையே குமாரன் செய்கிறார். மரித்தோரை எழுப்புவதும் நியாயந்தீர்ப்பதும் அவர் கையில். பிதாவைக் கனம்பண்ணுவதுபோலவே குமாரனையும் எல்லாரும் கனம்பண்ண வேண்டும் (5:19-23). எந்தத் தீர்க்கதரிசியும், எந்த ராஜாவும் தன்னைப் பற்றி இப்படிப் பேசியதில்லை. என்னைக் கேட்டால், வேதத்தில் குமாரத்துவத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பகுதி வேறில்லை. ஆற அமரப் படியுங்கள்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்ததாக நம் ஊர் மரபு சொல்லும் இயேசுவின் சீடர் தோமா, உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்து "என் ஆண்டவரே! என் தேவனே!" என்றார் (யோவான் 20:28). இயேசு அவரைத் தடுக்கவில்லை.

சரி, "பிதா என்னிலும் பெரியவர்" என்று இயேசுவே சொன்னாரே (யோவான் 14:28) என்று தோழி கேட்டால் மழுப்பாதீர்கள். தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மைத் தாழ்த்தி மனுஷனாக வந்தார் என்று பிலிப்பியர் 2:6-8 சொல்கிறது. அப்படி அனுப்பப்பட்டவராக, சிலுவைக்குப் போகும் முந்தின இரவில் பேசியதுதான் "பிதா என்னிலும் பெரியவர்" என்பது. அந்த இரண்டு பகுதிகளையும் அவரோடு சேர்ந்தே படித்துவிடுங்கள்.