ஸ்டீயரிங் கனத்தால் பிடிமானம் கூடுமா?

கேள்வி: 2017ஆம் வருட ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. ஓடியிருப்பது 19,000 கிலோமீட்டர்தான். ஸ்டீயரிங்குக்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது: கம்ஃபர்ட், நார்மல், ஸ்போர்ட். பக்கத்தில் டிரைவ் மோடுக்கு (எஞ்சினும் கியரும் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றுவது) இன்னொன்று. டிராக்‌ஷன் கன்ட்ரோல் பட்டன் தனி. "எப்பவும் ஸ்போர்ட்டிலேயே வை, அப்போதான் வண்டி ரோட்டைப் பிடிக்கும்" என்கிறார் நண்பர். அப்படியே ஓட்டிவந்தேன். போன மாதம் மழையில் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததற்கே பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. டேஷில் விளக்கு மின்னியது, வண்டி தானாக நேராகிவிட்டது. எந்த மோடில் ஓட்டுவது சரி? கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஒருநாள் ஓட்டிப் பார்க்கவும் ஆசை. அங்கே எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிடலாமா?
– கோவை வாசகர்

பதில்: உங்கள் நண்பர் சொன்னது தவறு. ஆனால் அந்தத் தவறு நேர்வது இயல்புதான். கைக்குக் கனமாக இருப்பது உறுதியாக இருப்பதுபோலவே தோன்றும்.

உங்கள் காரில் ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவுவது ஒரு மின்மோட்டார். ஸ்டீயரிங் தண்டுக்குள் லேசாக முறுக்கிக்கொள்ளும் கம்பி ஒன்று உண்டு. நீங்கள் எவ்வளவு பலத்தோடு திருப்புகிறீர்கள் என்பதை அதன் முறுக்கத்தை வைத்து சென்சார் அளக்கும். அந்த அளவையும் வண்டியின் வேகத்தையும் பார்த்து, மோட்டார் எவ்வளவு கைகொடுக்க வேண்டும் என்று கணினி முடிவு செய்யும். நீங்கள் தட்டும் சுவிட்ச் மாற்றுவது இந்த உதவியின் அளவை மட்டும்தான். கம்ஃபர்ட்டில் மோட்டார் நிறைய உதவும், ஸ்போர்ட்டில் குறைவாக உதவும். ஸ்டீயரிங்கை எத்தனை சுற்று சுற்றினால் முன்சக்கரம் எவ்வளவு திரும்பும் என்ற கணக்கு மூன்றிலும் ஒன்றுதான். டயருக்கும் தரைக்கும் இடையில் எதுவும் மாறுவதில்லை. கிணற்றுக் கப்பி துருப்பிடித்திருந்தால் கயிறு இழுக்கும்போது கை கனக்கும், வாளியில் தண்ணீர் கூடிவிடாது. அதே கதைதான்.

(திருப்பும் கணக்கையே மாற்றும் ஸ்டீயரிங்குகளும் உண்டு. பிஎம்டபிள்யூ 2003இல் 5 சீரிஸில் கொண்டுவந்த ஆக்டிவ் ஸ்டீயரிங் அப்படிப்பட்டது. உங்கள் மஸ்டாங்கில் அது இல்லை.)

அப்படியானால் ஸ்போர்ட்டில் வைப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லையே என்று கேட்கலாம். சின்ன நஷ்டம் இருக்கிறது. முன்சக்கரத்தைத் திருப்பியதும் டயர் ரப்பர் தரையோடு ஒட்டிக்கொண்டு முறுக்கிக்கொள்ளும், நேர்நிலைக்குத் திரும்பப் பார்க்கும். வளைவில் உங்கள் கையை எதிர்த்துத் தள்ளும் கனத்தில் பெரும்பங்கு அதுதான். வேகம் கூடக்கூட அந்தத் தள்ளலும் கூடும். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல், டயரின் பிடிமானம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே, திருப்பித் தள்ளும் விசை இறங்கத் தொடங்கிவிடும். ஸ்டீயரிங் லேசாகிவிட்டதாகக் கை உணரும். "இதற்கு மேல் முன்பக்கம் தாங்காது" என்று டயர் முன்கூட்டியே அனுப்பும் தகவல் அது. நல்ல ஓட்டுநர்கள் ஸ்டீயரிங் பேசுகிறது என்று சொல்வது பெரும்பாலும் இந்தச் சின்ன மாற்றத்தைத்தான். ஈரத் தரையில் இது இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் மெல்லியதாக இருக்கும்.

ஸ்போர்ட் செட்டிங்கில் மென்பொருள் சேர்க்கும் கனம் டயரிலிருந்து வருவதல்ல. எல்லா நேரமும் ஒரே சீராகக் கை கனத்துக்கொண்டிருந்தால், நடுவில் வரும் அந்தக் குறைவு கவனத்துக்கு வராமலே போகலாம். அதனால் கனம் வேறு, உணர்வு வேறு. வாங்குபவர்கள் குழப்பிக்கொள்வதும் விற்பவர்கள் குழப்பிவிடுவதும் இந்த இடத்தில்தான்.

கனம் உண்டு, உணர்வு இல்லை என்ற புகார் உங்கள் காருக்கு மட்டும் உரியதல்ல. ஹோண்டா 1990இலேயே என்எஸ்எக்ஸின் ஆட்டோமேட்டிக் மாடலில் மின் ஸ்டீயரிங் வைத்தது. ஆனால் மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை வெகுகாலம் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஸ்டீயரிங்கையே விடாமல் வைத்திருந்தன. எண்ணெய் பம்ப் ஓயாமல் எஞ்சினின் சக்தியைத் தின்னும், மின்மோட்டாரோ தேவைப்படும்போது மட்டும் வேலை செய்யும். எரிபொருளை மிச்சம் பிடிக்க எல்லோரும் மாறத் தொடங்கினார்கள். 2011இல் வந்த 991 தலைமுறை போர்ஷே 911 மின் ஸ்டீயரிங்குக்கு மாறியபோது, பழைய 911இன் பேச்சு போய்விட்டது என்று கார் பத்திரிகைகளில் பெரிய புலம்பலே நடந்தது. போர்ஷேக்கே அந்தக் கதி.

ஸ்டீயரிங் சுவிட்சுக்கு என் யோசனை: அவிநாசி ரோடு டிராஃபிக்கிலும் பார்க்கிங்கிலும் கம்ஃபர்ட். மற்ற எல்லா இடத்திலும், மழையிலும்கூட, நார்மல். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது கை நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரியக்கூடாது என்று நினைத்தால் ஸ்போர்ட் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. பிடிமானத்துக்காக என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சரி, மேம்பாலத்துக்கு வருவோம்.

அன்று உங்களைக் காப்பாற்றியது ஒரே கருவி அல்ல, இரண்டு காவலாளிகள். டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சார்களை வைத்து நான்கு சக்கரங்களின் வேகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுழன்றால் வழுக்குகிறது என்று புரிந்துகொண்டு எஞ்சின் சக்தியைக் குறைக்கும், தேவைப்பட்டால் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது அதன் கவலை அல்ல.

அது ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலின் வேலை. ஸ்டீயரிங் கோணத்திலிருந்து நீங்கள் எங்கே போக நினைக்கிறீர்கள் என்பதையும், வண்டி உண்மையில் எவ்வளவு சுழல்கிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பின்பக்கம் வெளியே வீசினால், வளைவின் வெளிப்பக்க முன்சக்கரத்துக்குத் தனியாகப் பிரேக் கொடுத்து மூக்கைத் திருப்பிவிடும். நான்கில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட எந்தக் காலாலும் முடியாது. பாஷ் நிறுவனம் செய்த இந்த அமைப்பு 1995இல் மெர்சிடிஸின் எஸ் கிளாஸ் வரிசையில் முதலில் வந்தது. இரண்டு வருடம் கழித்து அதே மெர்சிடிஸின் ஏ கிளாஸ், ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனையில் குறுக்கே வரும் மானுக்கு ஒதுங்குவதுபோல ஒடித்துத் திருப்பியபோது கவிழ்ந்தது. அதன் பிறகு அந்தச் சின்ன காரிலும் இதைக் கட்டாயம் வைத்தார்கள்.

உங்கள் காரில் வழுக்கும் கார் படம் போட்ட பட்டனை ஒருமுறை அழுத்தினால் முதல் காவலாளி மட்டும் ஓய்வெடுப்பார். சட்டென்று இரண்டு முறை அழுத்தினால் இரண்டாமவரும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், வண்டி ஓரளவு வழுக்கிய பிறகே தலையிடுவார். 5 வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் இருவருமே வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஏபிஎஸ் எப்போதும் இருக்கும். தெரியாமல் கை பட்டு முதல் நிலைக்குப் போகிறவர்கள் நிறைய. அதனால் டேஷில் என்ன விளக்கு எரிகிறது என்று பார்த்துப் பழகுங்கள். மின்னினால் வேலை செய்கிறது, எரிந்துகொண்டே இருந்தால் அணைத்து வைத்திருக்கிறீர்கள்.

லேசாகத்தான் மிதித்தேன் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அன்று உங்கள் காலுக்குக் கீழே என்ன நடந்தது என்று பாருங்கள். இறக்கத்தில் வண்டியின் எடை முன்பக்கம் சாயும், பின்சக்கரத்தின் மேல் பாரம் குறையும். பாலத்தின் இணைப்புகளில் இரும்புப் பட்டை இருக்கும், ஈரத்தில் அது சோப்பு. நண்பர் பேச்சைக் கேட்டு டிரைவ் மோடையும் ஸ்போர்ட் ப்ளஸ்ஸில் வைத்திருந்தீர்கள் என்றால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கீழ் கியரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும், ஆக்சிலரேட்டரும் தொட்டவுடன் துள்ளும். இந்தியாவுக்கு வந்த 5 லிட்டர் வி8 எஞ்சினின் திருகுவிசை 515 நியூட்டன் மீட்டர், அதுவும் முழுக்கப் பின்சக்கரத்துக்கு. இந்த நிலையில் லேசான மிதி என்று ஒன்று கிடையாது.

இதற்கான டிரைவ் மோடு உங்கள் காரிலேயே இருக்கிறது, பெயரைப் பார்த்து யாரும் தொடுவதில்லை: ஸ்னோ/வெட். கோவையில் பனி எங்கே பெய்கிறது என்று சிரிக்காதீர்கள், அதில் பாதி மழைக்கானது. அதில் ஆக்சிலரேட்டர் மந்தமாகும். அன்று நீங்கள் வைத்த அதே மிதிக்கு எஞ்சின் குறைவாகத்தான் பதில் சொல்லும். கோடை முடிந்து பெய்யும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழவழக்கும். அன்றைக்குக் கட்டாயம் இதைப் போடுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு மோடைவிட இதில்தான் சந்தேகம் அதிகம். 2017ஆம் வருட வண்டி, 19,000 கிலோமீட்டர். அப்படியென்றால் டயர் வண்டியோடு வந்ததாகவே இருக்கலாம். டயரின் பட்டன்கள் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) தேயாமல் நிறைய இருக்கும், பார்க்கப் புதுசு போலிருக்கும், ஆனால் ரப்பர் வெயிலிலும் வருடங்களிலும் இறுகிப்போயிருக்கும். இறுகிய ரப்பர் ஈரத் தரையைப் பிடிக்காது. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2317 என்றிருந்தால் 2017ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். வெளியே தெரியவில்லை என்றால் வண்டியைத் தூக்கி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ஃபோர்டு தன் கையேடுகளில் தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் 6 வருடத்தில் டயரை மாற்றச் சொல்கிறது. நீங்கள் அந்தக் கெடுவைத் தாண்டியிருந்தால், மோடு பற்றிய இந்தப் பேச்செல்லாம் அப்புறம். கணினி எவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்தாலும் டயரிடம் இருக்கும் பிடிமானத்தைத்தான் பங்கிட்டுக் கொடுக்க முடியும், புதிதாக உண்டாக்க முடியாது.

மாற்றும்போது நான்கையும் ஒரே மாதிரியாக, கம்பெனி சொன்ன அளவிலேயே மாற்றுங்கள். என்னிடம் ஒருமுறை வந்த காரில் நேர்ரோட்டிலேயே டிராக்‌ஷன் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. சென்சார் போய்விட்டது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு சென்சார் மாற்றியிருந்தார்கள். கடைசியில் பார்த்தால் பின்னால் உயரம் குறைந்த டயர் போட்டிருந்தது. சின்ன சக்கரம் வேகமாகச் சுழலுமே, கணினி அதை வழுக்கல் என்று நினைத்துக்கொண்டது. டயர் போட்ட கையோடு வீல் அலைன்மென்டும் பார்த்துவிடுங்கள். ஸ்டீயரிங் உணர்வில் அந்த மூன்று நிலை சுவிட்சைவிட அதுவும் காற்றழுத்தமும் செய்யும் மாற்றம் பெரிது.

கடைசியாக ட்ராக். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான், உங்கள் வண்டியோ ஏறக்குறைய 1,800 கிலோ. நேர்ப்பாதையில் வேகம் ஏறுவதற்குள் அடுத்த பிரேக் வந்துவிடும். எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு முதல் சுற்றுக்குப் போகவே போகாதீர்கள். ட்ராக் மோடும் வேண்டாம், அதில் காவல் தளர்ந்துவிடும். ஸ்போர்ட் ப்ளஸ், ஸ்டீயரிங் நார்மல், பட்டனைத் தொடாமல் தொடங்குங்கள். எந்த வளைவில் விளக்கு மின்னுகிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயெல்லாம் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் ஸ்டீயரிங் நேராவதற்கு முன்பே ஆக்சிலரேட்டரை மிதித்திருப்பீர்கள். மின்னாமல் தொடர்ந்து சில சுற்று ஓட்ட முடிந்த பிறகு, அந்த இரட்டை அழுத்தல் நிலைக்கு மாறிப் பாருங்கள். முதல் நாளுக்கு அதுவே ஜாஸ்தி.

வேறு கார்களில் படிப்படியாகக் குறைக்கும் வசதி இருக்கிறதே என்று தோன்றலாம். மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி ஆர் காரில் 9 படி, இப்போதைய பிஎம்டபிள்யூ எம்3, எம்4 கார்களில் 10 படி. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படிகள் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை முழுவதும் அணைத்த பிறகுதான் உயிர் பெறும். பின்சக்கரச் சுழற்சியை மட்டும் அளந்து கொடுக்கும், வண்டி சுற்றிக்கொண்டால் கைகொடுக்காது. கை தேர்ந்தவர்களுக்கானவை அவை.

சிஸ்டத்தை ஆன் செய்து ஓட்டும்போது அது அடிக்கடி தானே பிரேக் போடுவதால் பிரேக் கூடுதலாகச் சூடேறும். நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை மெதுவாக ஒரு சுற்று ஓட்டி ஆறவிடுங்கள். போவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், பழைய ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும், சூட்டில் கொதித்துப் பெடல் உள்ளே போய்விடும். உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பந்தயமும் வேகச் சோதனையும் நம் ஊர் தனியார் கார் பாலிசியில் விலக்கப்பட்டவை. ஸ்பீட்வேயில் இடித்துக்கொண்டால் செலவு உங்களுடையது.

ஓட்டி முடித்து வெளியே வரும் முன் எஞ்சினை அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் தானாகத் திரும்பி வந்துவிடும். ஸ்டீயரிங் சுவிட்ச் எதில் நிற்கிறது என்பதை மட்டும் நீங்களே ஒரு பார்வை பார்த்துவிட்டு ரோட்டில் இறங்குங்கள்.