ஒப்பு வாங்கிட்டா சம்மதம் ஆயிருமா?

"பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி நேர்மையா நடக்க என்ன செய்யலாம்?"னு கேட்டிருக்கீங்க. நான் பிஹெச்டிக்கு டேட்டா எடுத்தது முழுக்க நம்ம குமரி மாவட்டம் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம், அதனால அங்க பட்டத வச்சு சொல்றேன்.

நேர்மைன்னாலே நம்மாளுக்கு காப்பி கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர்தான் ஞாபகம் வரும். 2018 யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி தீசிஸ்ல காப்பி 10 சதவீதம் வரைக்கும்னா தப்பிச்சோம், 40 வரைக்கும்னா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும், 60 தாண்டுனா பதிவே ரத்து. நல்ல விதிதான். ஆனா என்கூட படிச்ச ஒருத்தன் வீடு வீடாப் போய்க் கேட்டு ரொப்ப வேண்டிய 40 சர்வே ஃபார்ம நாகர்கோவில்ல பஸ் ஏறி மார்த்தாண்டம் இறங்குறதுக்குள்ள அவனே ரொப்புனான், பேனாவ மட்டும் மாத்தி மாத்தி. அதெல்லாம் எந்த சாஃப்ட்வேர்ல மாட்டும்? எனக்கே 12 ஃபார்ம்ல மாச வருமானக் கட்டம் காலியா இருந்தப்போ "ஆவரேஜ் போட்டு முடிம்மா"ன்னுதான் சொன்னாங்க. யாருன்னு வேண்டாம்.

2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல்ல ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பல, அந்த வீட்டுப் பெண்களத்தான் நான் பாக்கப் போனது. ஒரு வீட்ல, எதிக்ஸ் கமிட்டி (ஆராய்ச்சி நெறிமுறையப் பாக்குற குழு) பாஸ் பண்ணுன 'தகவலறிந்த ஒப்புதல் படிவத்த' (என்ன ஆராய்ச்சின்னு சொல்லி சம்மதம் வாங்குற பேப்பர) நான் பாதி கூட வாசிக்கல, அதுக்குள்ள அந்த அக்கா ஒப்பு, அதான் கையெழுத்து, போட்டுட்டு கேட்டாங்க, "மோளே, இது எந்தப் பைசாவுக்கு?"

அரசாங்கம் குடுத்த 20 லட்சத்துக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் எத்தனை பேப்பர்ல ஒப்பு போட்டவங்க அவங்க, பேப்பர் நீட்டினா அது மனுதான். எனக்கு வேர்த்துப் போச்சு. பைசா ஒண்ணும் வராது, இது என் படிப்புக்குன்னு சொன்னேன், அவங்க சிரிச்சிட்டு கட்டன் சாயா போட்டுத் தந்தாங்க, அப்புறம் "முன்ன ஒருத்தி ஃபோட்டோ எடுத்தா, புக்குல வரும்னா, அந்தப் புக்கு எங்க?"ன்னாங்க.

அன்னிக்கே படிவத்த பேச்சுத் தமிழ்ல மாத்துனேன். தீசிஸ் எழுதி முடிச்சதும் சப்மிட் பண்றதுக்கு முன்னாடி அன்பியக் கூட்டத்துல (சர்ச் பங்குல பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து கூடுறது) வாசிச்சேன், "மாச வருமானமா? தங்கல் போறவனுக்கு ஏது மாசம், டிரிப்புக்குத்தான் கணக்கு"ன்னு கூட்டமே சிரிச்சிது. தங்கல்னா நாள்கணக்குல ஆழ்கடல்லயே தங்கி மீன் பிடிக்கிறது. அந்த 12 கட்டம் ஏன் காலியா இருந்துதுன்னு அப்பதான் புரிஞ்சுது!

அதனால என்னக் கேட்டா, ஒர்க்‌ஷாப் வச்சு சர்டிபிகேட் குடுக்கிறத குறைச்சிட்டு, கமிட்டியில ஒரு ஆளாவது ஃபீல்டுக்கு வரட்டும், வைவாவுல (தீசிஸ் வாய்மொழித் தேர்வு) ரொப்புன ஃபார்ம் எல்லாத்தையும் மேசையில வைக்கச் சொல்லட்டும். பிள்ளைங்க எழுதுற ஆய்வுக் கட்டுரையில வேலையே செய்யாதவங்க பேர் ஏறுறது தனிக்கதை, அது இன்னொரு நாள்.

என் தீசிஸ் இங்கிலீஷ்ல சோத்கங்கால (இந்திய தீசிஸ்கள சேத்து வைக்கிற வெப்சைட்) கிடக்கு. அந்த அக்காவுக்கு ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதிக் குடுத்தேன். அடுத்த தடவ போனப்போ அதையும் ரேஷன் கார்டு வைக்கிற கவர்லயே பத்திரமா வச்சிருந்தாங்க. இதுக்குப் பைசா வராதுக்கான்னு திரும்பவும் சொன்னேன்.

"இருக்கட்டு மோளே"ன்னாங்க.