கயிறு ஒன்று, இழுக்கும் திசை வேறு: பன்னாட்டுக் கோடை முகாம்கள் குறித்து வாசகர் கேள்விகள்

கோடை முகாம்களைப் பற்றி வந்திருந்த கடிதங்களில் பெரும்பாலானவை பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாகத் தங்கும் முகாம்களைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

“எங்கள் மகளுக்குப் பதினொரு வயது. சி.ஐ.எஸ்.வி. என்ற அமைப்பின் நான்கு வார முகாமுக்கு வெளிநாடு செல்லத் தேர்வாகியிருக்கிறாள். நாள் முழுவதும் விளையாட்டும் பாட்டும்தான் என்கிறார்கள். விளையாடுவதற்கு இவ்வளவு தூரம் அனுப்ப வேண்டுமா என்று என் மாமியார் கேட்கிறார். என்ன சொல்வது?” – ஒரு தாய், கோயம்புத்தூர்

உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை அந்த அமைப்பு பிறந்த கதையிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள சின்சினாட்டி நகரில் வாழ்ந்த உளவியலாளர் டோரிஸ் ட்விட்செல் ஆலன், இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டான 1946-ல், நிலைத்த அமைதிக்கான வேலையைப் பெரியவர்களிடம் தொடங்குவதைவிடப் பிள்ளைகளிடம் தொடங்குவதே சரி என்ற முடிவுக்கு வந்தார். பதினொரு வயதை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த வயதில் ஒரு பிள்ளை தன் வீட்டின், ஊரின் பழக்கவழக்கங்களை உள்வாங்கியிருக்கும். ஆனால் பிறரைப் பற்றிய வெறுப்பு இன்னும் இறுகியிருக்காது. முதல் முகாம் 1951-ல் சின்சினாட்டி அருகே நடந்தது. அதைக் ‘கிராமம்’ என்றே அழைத்தார்கள். இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இரண்டு சிறுமியர், இரண்டு சிறுவர்கள், அவர்களுக்குத் துணையாக ஒரு பெரியவர் என ஒரு குழு வரும். இவர்களைத் தவிர, பதினாறு பதினேழு வயதுள்ள ஜூனியர் கவுன்சிலர்கள் சிலர் இருப்பார்கள். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இடையே பாலமாக இருப்பது அவர்கள்தான். விளையாட்டும் பாட்டும் நிறைய உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த விளையாட்டுகளில் ஒரு பகுதி வேறு வகையைச் சேர்ந்தது. பல முகாம்களில் நடக்கும் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ஒரு நாள் மதிய உணவுக்கு முன் எல்லோரும் சீட்டு எடுப்பார்கள். சிலருக்கு மேசையும் நாற்காலியும் நிறைந்த தட்டும் கிடைக்கும். சற்று அதிகம் பேருக்கு எளிய உணவு கிடைக்கும். பெரும்பாலோர் தரையில் அமர்ந்து ஒரு கிண்ணம் வெறுஞ்சோற்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பேச்சு மெல்ல அடங்கும். மேசையில் இருப்பவர்களில் சிலர் தரையில் இருப்பவர்களின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுவார்கள். சிலர் தட்டோடு எழுந்து வருவார்கள்.

சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவதை ‘டீப்ரீஃபிங்’ என்கிறார்கள். என்ன நடந்தது, நீ என்ன நினைத்தாய், நம் ஊரில் இது எங்கே நடக்கிறது, இனி என்ன செய்யலாம் என்று கேள்விகள் படிப்படியாகப் போகும். இந்த வட்டம் இல்லையென்றால் உங்கள் மாமியார் சொல்வது முழுக்க உண்மையாகிவிடும். வெறும் விளையாட்டுக்கு நம் தெருவே போதும். ஆகவே எந்த முகாமாக இருந்தாலும், விளையாட்டு முடிந்தபின் பேசுவதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

“எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் ஐந்து நாள் முகாம் நடத்துகிறோம். நான்கு அணிகளாகப் பிரித்து, மதிப்பெண் பலகை வைத்து, கடைசி நாளில் கோப்பை தருகிறோம். மூன்றாம் நாளுக்குள் அணிகளுக்கிடையே சண்டை மூண்டுவிடுகிறது. பல நாட்டுப் பிள்ளைகள் கூடும் இடத்தில் அணிப் போட்டிகளை எப்படிச் சமாளிக்கிறார்கள்?” – ஓர் ஆசிரியர், தஞ்சாவூர்

இந்தக் கேள்வியை எழுதியதற்கு நன்றி ஐயா. உங்கள் முகாமில் நடப்பது 1954-லேயே அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மிகத் துல்லியமாகப் பதிவான ஒன்று. துருக்கியில் பிறந்த சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃபும் அவருடைய குழுவினரும், ‘ராபர்ஸ் கேவ்’ என்ற பூங்காவில் ஏறக்குறைய பதினொரு வயதுள்ள 22 சிறுவர்களைக் கொண்டு ஒரு கோடை முகாம் நடத்தினார்கள். சிறுவர்கள் இரண்டு குழுக்களாகத் தனித்தனியே அழைத்து வரப்பட்டார்கள். முதல் சில நாட்களுக்கு மற்றொரு குழு அங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஒரு குழு தன்னை ‘ராட்லர்ஸ்’ என்றும் மற்றது ‘ஈகிள்ஸ்’ என்றும் அழைத்துக்கொண்டது. பிறகு பேஸ்பால், கயிறு இழுத்தல், கூடாரம் அடித்தல் என்று போட்டிகள் தொடங்கின. வென்ற அணியின் ஒவ்வொருவருக்கும் பதக்கமும் பேனாக்கத்தியும் பரிசு. ஒரு சில நாட்களுக்குள் ஓர் அணி மற்றதன் கொடியைக் கொளுத்தியது. இரவில் குடிலுக்குள் புகுந்து படுக்கைகளைக் கவிழ்த்தார்கள். பெயர் வைத்து ஏசினார்கள். முகாமுக்கு வரும்வரை இவர்கள் யாருக்கும் யாரோடும் பகையில்லை.

இனிதான் நமக்கு வேண்டிய பகுதி வருகிறது. இரு அணிகளையும் சேர்த்து உட்காரவைத்து உணவு கொடுத்தால் சமாதானம் ஆகிவிடுவார்கள் என்று பார்த்தார்கள். ஆகவில்லை; ஒருவர்மீது ஒருவர் சாப்பாட்டை எறிந்துகொண்டார்கள். பிறகு, முகாமுக்குத் தண்ணீர் வரும் வழியில் அடைப்பு ஏற்படுத்திவிட்டு, எல்லோரும் சேர்ந்து தேடினால்தான் சரிசெய்ய முடியும் என்ற நிலையை உருவாக்கினார்கள். இன்னொரு நாள், உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை என்றார்கள். சில நாட்களுக்கு முன் இரு அணியும் எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிற்றை எடுத்து லாரியில் கட்டி, எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படிச் சில வேலைகளைச் சேர்ந்து செய்த பிறகு, திரும்பும் பயணத்தில் ஒரே பேருந்தில் போகலாம் என்று கேட்டவர்கள் அந்தச் சிறுவர்கள்தான். வழியில் ராட்லர்ஸ் தங்களுக்குக் கிடைத்த ஐந்து டாலர் பரிசுப் பணத்தில் எல்லோருக்குமாகப் பால் பானம் வாங்கினார்கள்.

இந்த ஆய்வைக் கண்ணை மூடிக்கொண்டு பாராட்ட என்னால் முடியாது. ஆய்வாளர்களே முகாம் ஊழியர்களாக இருந்து போட்டியை மூட்டினார்கள். தாங்கள் ஆய்வுக்கு உட்பட்டிருப்பது சிறுவர்களுக்குத் தெரியாது. இன்றைக்கு ஆய்வுகளின் நெறிமுறையைச் சரிபார்க்கும் எந்தக் குழுவும் இதை அனுமதிக்காது. ஆனாலும் இன்னொரு செய்தி உங்களுக்குப் பயன்படும். 1953-ல் நியூயார்க் மாநிலத்தில் ஷெரீஃப் இதே முயற்சியைச் செய்தபோது, பிள்ளைகள் முதலில் ஒன்றாகப் பழகிய பிறகே அணிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். எவ்வளவு தூண்டிவிட்டும் அவர்களிடையே எதிர்பார்த்த பகை மூளவில்லை. முயற்சி பாதியில் கைவிடப்பட்டது. முன்பே பழகியவர்கள் என்பதே அதற்கு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஓட்டிஸ்ஃபீல்டு என்ற சிற்றூரின் ஏரிக்கரையில், ஜான் வாலக் என்ற பத்திரிகையாளர் 1993-ல் தொடங்கிய ‘சீட்ஸ் ஆஃப் பீஸ்’ முகாமைப் பாருங்கள். இஸ்ரேல், பாலஸ்தீனம், எகிப்து ஆகிய இடங்களிலிருந்து முதல் ஆண்டில் வந்தவர்கள் 46 பேர். பிற்காலத்தில் இந்திய, பாகிஸ்தான் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கியிருக்கிறார்கள். முகாமின் கடைசி நாட்களில் பச்சை, நீலம் என்று இரண்டே அணிகளாகப் பிரிந்து கடுமையாகப் போட்டியிடுவார்கள். ஆனால் ஒவ்வோர் அணியிலும் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள். வாரக்கணக்கில் தினமும் உரையாடல் அமர்வில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, கோபப்பட்டு, அழுது முடித்தவர்கள், இப்போது ஒரே கயிற்றின் ஒரே முனையில் நின்று இழுக்கிறார்கள். போட்டி முடிந்ததும் இரு அணியினரும் ஏரியில் குதித்துவிடுவார்கள்.

உங்கள் முகாமுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். முதல் ஒன்றரை நாள் அணியே பிரிக்காதீர்கள். பிறகு பிரித்தாலும், வகுப்பு வாரியாகவோ தெரு வாரியாகவோ பிரிக்காமல் நாள்தோறும் கலைத்து அடுக்குங்கள். மதிப்பெண் பலகையைக் கழற்றிவிட்டு, நான்கு அணிகளும் சேர்ந்து எட்ட வேண்டிய ஒரே இலக்கை எழுதிப் போடுங்கள். நேற்று எல்லோரும் சேர்ந்து நாற்பது நிமிடத்தில் முடித்த வேலையை இன்று முப்பது நிமிடத்தில் முடிக்க முடியுமா என்ற கேள்விக்குப் பிள்ளைகள் எப்படி உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள் என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

“என் மகனுக்கு ஆங்கிலம் சரளமாக வராது. குழுச் சவால்களில் ஒதுக்கப்பட்டுவிடுவானோ என்று அஞ்சுகிறேன்.” – ஒரு தந்தை, திண்டுக்கல்

நான் ஒருமுறை பிள்ளைகளுக்குத் துணையாகச் சென்றிருந்த முகாமில் கண்டதைச் சொல்கிறேன். இரண்டு மரங்களுக்கிடையே துணி காயப்போடும் கயிற்றால் சிலந்தி வலைபோல் பின்னி, அங்கங்கே சிறு மணிகளைக் கட்டியிருந்தார்கள். பன்னிரண்டு பிள்ளைகளும் அந்த வலையின் துளைகள் வழியே மறுபக்கம் போக வேண்டும். ஒரு துளையை ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம். மணி ஒலித்தால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நன்றாக ஆங்கிலம் பேசும் நான்கைந்து பேர் உடனே தலைமை ஏற்றார்கள். கீழே இருந்த பெரிய துளைகள் வழியே முதலில் கடகடவென்று நுழைந்து போனார்கள். மிஞ்சியவை எட்டாத உயரத்தில் இருந்த துளைகள். கடைசியில் ஒரே ஒரு பையன் இந்தப் பக்கம் தனியே நின்றான். அவனைத் தூக்கிவிட இங்கே ஆளில்லை.

மூன்று முறை இப்படியே ஆனது. அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த ஜப்பானியச் சிறுமி ஒருத்தி, ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வலையை வரைந்தாள். கீழே இருந்த பெரிய துளையின்மேல் குச்சியால் தட்டி, எல்லாரிலும் உயரமான பையனைச் சுட்டிக் காட்டி, விரல்களை எண்ணிக் கடைசி விரலை மடக்கினாள். கடைசியாகப் போகிறவனுக்கு அந்தத் துளையை விட்டுவையுங்கள் என்பதைப் புரிந்துகொள்ள யாருக்கும் ஆங்கிலம் தேவைப்படவில்லை. எடை குறைந்தவர்களை மேல்துளைகள் வழியே மல்லாந்த நிலையில், தலையையும் கழுத்தையும் தாங்கி, இருபுறமும் பெரியவர்கள் நிற்க, முதலில் அனுப்பினார்கள். மணி ஒலிக்கவில்லை.

நல்ல முகாமில் முதல் நாட்களின் விளையாட்டுகள் பேச்சே தேவைப்படாதவையாக இருக்கும். வாய் திறக்காமல் பிறந்த நாள் வரிசையில் நிற்பது, கைகளைக் கோத்துச் சிக்கலாகிப் பிடியை விடாமல் அவிழ்த்துக்கொள்வது போன்றவை அதற்காகவே வைக்கப்படுகின்றன. உங்கள் மகனுக்கு இலக்கணம் புகட்ட வேண்டாம். “எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை செய்து காட்டு” என்பதை மட்டும் ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் சொல்லப் பழக்கி அனுப்புங்கள்.

“மகளுக்கு உயரம் என்றாலே பயம். முகாமில் கயிற்றுப் பாலம் ஏறச் சொல்லி வற்புறுத்துவார்களா?” – ஒரு தாய், கொழும்பு

வற்புறுத்தக் கூடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1971-ல் தொடங்கப்பட்ட ‘புராஜெக்ட் அட்வென்ச்சர்’ என்ற அமைப்பு பரப்பிய கொள்கை ஒன்று உண்டு: எவ்வளவு தூரம் முயல்வது என்பதை ஏறுபவரே முடிவு செய்ய வேண்டும். இரண்டு படி ஏறித் திரும்புவதும் முயற்சிதான். கீழே நின்று தோழியின் பாதுகாப்புக் கயிற்றுக்குத் துணைநிற்பதும் பங்கேற்புதான். “எல்லோரும் ஏறிவிட்டார்கள், நீ மட்டும்தான் மிச்சம்” என்று கூட்டமாகக் கத்துவதை ஊக்கம் என்று நினைக்கும் முகாம்கள் இருக்கின்றன, அங்கே அனுப்பாதீர்கள். ஹெல்மெட், ஹார்னஸ் (உடலில் கட்டும் பாதுகாப்புப் பட்டை), பயிற்சி பெற்ற ஆள் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

“ஒவ்வொரு நாட்டுக் குழுவும் ஒரு மாலை நிகழ்ச்சி தர வேண்டுமாம். பரதநாட்டியம் ஆடத் தெரிந்தவர் எங்கள் குழுவில் யாருமில்லை. தவிர, நான்கு வாரம் மகனைப் பிரிந்திருக்க எனக்கே பயமாக இருக்கிறது.” – ஒரு தாய், மதுரை

ஆடிக் காட்டுவதைவிட, வந்திருப்பவர்களை ஆடவைப்பது சிறந்தது. கிளித்தட்டு கற்றுக்கொடுங்கள். தரையில் கோடு கிழிக்கச் சுண்ணாம்புப் பொடி இருந்தால் போதும். மறிப்பவர்கள் கோட்டைவிட்டு விலகக் கூடாது என்ற ஒரே விதியைச் செய்து காட்டினால் மற்றதைப் பிள்ளைகள் ஓடும்போதே பிடித்துக்கொள்வார்கள். அன்று காலை வாசலில் புள்ளி வைத்து, ஒவ்வொரு நாட்டுப் பிள்ளையும் ஓர் இழை இழுத்து முடிக்கும்படி ஒரு பெரிய கோலம் போடலாம்.

பிரிவைப் பற்றி: முதல் வாரத்தில் வீட்டு நினைவு வந்து அழுவது இயல்பு, பெரும்பாலும் இரவில்தான் வரும். அதனால்தான் பல முகாம்களில் விளக்கணைக்கும் முன் எல்லோருமாகத் தாலாட்டுப் பாடுகிறார்கள். நீங்கள் எழுதும் கடிதத்தில் “நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது” என்று எழுதிவிடாதீர்கள் அம்மா. அந்த ஒரு வரியை அவன் இரவெல்லாம் சுமப்பான். மாமரம் காய்த்ததையும் பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதையும் எழுதுங்கள். புதிதாக ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்து எனக்கும் தங்கைக்கும் சொல்லித் தர வேண்டும் என்று கேளுங்கள்.